ஓடைக்கரையில் வழிமறித்தவர்

தொகுனாகா சிஸுரு எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தது ஜூன் முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம். கப்பலை விட்டு இறங்கி, எங்கள் தீவின் மியானோஉரா துறைமுகத்திலிருந்து பையைச் சுமந்துகொண்டு நடந்தே வந்திருந்தார். ஐம்பத்து நாலு வயது. குட்டையான உருவம், அகன்ற தோள். பெயரேட்டில் கையெழுத்துப் போட்டபோது, கூட யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். இல்லை, ஒருத்திதான் என்றார்.

அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. மறுநாள் காட்டுக்குள் அழைத்துப்போவதாக இருந்த வழிகாட்டிகள் பேசினார்கள். நான் அடுக்களையில் கோலா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் "ம்" என்று மட்டும் சொன்னார். கடைசியில், "சரி, அப்ப வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க" என்று வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, காலையில் காட்டு வாசலுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கூட்டத்தோடு போகவில்லையா என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் குடலில் புற்றுநோய். அறுத்து எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. கழிவெல்லாம் அதில்தான் வரும். பதிவுத் தாளில் உடல்நிலை பற்றிக் கேட்ட இடத்தில் உள்ளதை எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தத் தொலைபேசி. உங்கள் நலனுக்காகத்தான் சொல்கிறோம், மற்றவர்களுக்கும் சங்கடம் வேண்டாமே என்று ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம்.

நானும் தடுத்துத்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. நாளை மத்தியானத்துக்கு மேல் மழை என்றேன். தனியாகப் போகிற இடமில்லை, ஓடைகளைத் தாண்ட வேண்டும் என்றேன். அப்போது என் கணவர் கென்சாகு உள்ளே வந்தார். பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"நடுக்காட்டுல அந்தப் பைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னம்மா பண்ணுவீங்க?"

"வேற மாத்துவேன். தினமும் அதானே பண்ணிட்டிருக்கேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கோ மனசு கேட்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று, வருகிற எல்லாரிடமும் சொல்கிற கதையைச் சொன்னேன். எங்கள் தீவில் ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிற தேவதாரு மரங்களில் பாதி, முறுக்கும் முண்டும் விழுந்தவை. பலகைக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் கோடாரிக்காரர்கள் விட்டுவிட்டுப் போனவை. கழித்துப் போட்டதால்தான் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

அவர் சிரிக்கவில்லை. "வீட்டம்மா, நான் மரம் பாக்க வந்திருக்கேன். மரத்துகிட்ட ஆறுதல் கேட்டு வரல" என்றார். பிறகு, கட்டுச்சோற்றில் காளான் வேண்டாம், தன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் நடந்ததை நான் இரண்டு பேர் வாயால் கேட்டேன். ஒருவர் சிஸுரு. இன்னொருத்தி மினே. அவள் வேறு ஒரு கூட்டத்தோடு காட்டுக்குப் போன பெண். அன்றிரவு எங்கள் விடுதியிலேயே தங்க நேர்ந்தது. இருவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

சிஸுரு எட்டரை மணிக்கு நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் ஒரு பெரிய ஓடை குறுக்கே வரும். பாலம் கிடையாது. கல் மேல் கல்லாகக் கால் வைத்துத் தாண்ட வேண்டும். காட்டின் உட்பக்கக் கரையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்து இருக்கிறது, திரும்பி வருகிறவர்களுக்குப் பாதை அதன் வழியாகத்தான் ஓடையில் இறங்கும். அவர் போகும்போது ஏழு கல் வெளியே தெரிந்தது. ஏழையும் எண்ணிக்கொண்டார். எதிரே நின்ற பாறையில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டார். அது அவருடைய வேலைப் பழக்கம். நொபெயோகா ஊரில் ஆறு கடலில் சேருகிற இடத்து மதகில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அவர். புயல் நாளில் எப்போது மதகை இறக்குவது, எப்போது தூக்குவது என்று ஆற்றைப் பார்த்தே சொல்கிறவர். அறுவைக்குப் பிறகு, இனி உங்களால் முடியாது என்று அலுவலகத்தில் காகிதம் அடுக்க உட்காரவைத்துவிட்டார்கள். இதை மட்டும் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கடுத்தது.

ஓடையைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் பை கனக்க ஆரம்பித்தது. பாதையை விட்டு நாலடி தள்ளி ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கி, பழைய பையை உரித்து, வெந்நீர்க் குப்பியில் கொண்டுவந்த தண்ணீரால் துடைத்து, புதிய பையை ஒட்டிக்கொண்டார். பத்து நிமிஷ வேலை. பழையதை மூன்று உறையில் சுற்றி முதுகுப்பையில் வைத்தார். இதைச் செய்துகொண்டிருக்கும்போது ஒரு மான் வந்து பாசியை மேய்ந்துகொண்டு நின்றதாம். வீட்டுக் குளியலறையில் அதைச் செய்கிறபோதெல்லாம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, குழாயையும் திறந்துவிட்டுக்கொள்வாராம். அங்கே தாழும் இல்லை, குழாயும் இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றார்.

பதினொரு மணி வாக்கில் பெரிய மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார். அது எவ்வளவு பெரிது என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்த மரம்தான். அங்கே என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"சோறு சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் அதையே பாத்துட்டிருந்தேன். அது என்னப் பாக்கல. ஒன்றரை வருஷமா எல்லாரும் என்னையே பாக்குறாங்க. அங்க நிம்மதியா இருந்துச்சு."

மழை சொன்னதற்கு முன்பே வந்துவிட்டது. முதலில் இலைக்கு மேல் சத்தம் மட்டும். பிறகு அடிமரங்களில் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கத் தொடங்கியது. பாதையே வாய்க்கால் ஆனது. சிஸுரு மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். மேற்கொண்டு போனால் இன்னும் இரண்டு மரம் பார்த்திருக்கலாம். ஆனால் மலை ஓடை எவ்வளவு வேகமாக ஏறும் என்று அவருக்குத் தெரியும்.

ஒன்றரை மணிக்கு ஓடைக்கு வந்தபோது மூன்று கல்தான் தெரிந்தது. காலையில் பார்த்து வைத்த பாறையில் தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது. நிறமும் மாறிவிட்டது. அவர் கால்கூட நனைக்கவில்லை. பாறைச் சந்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இறங்க நாலு மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டார். சாப்பிட இரண்டு சோற்று உருண்டை மிச்சம் இருந்தது. போதும்.

இருபது நிமிஷத்தில் பின்னாலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் கமோஷிதா. அறுபத்து மூன்று வயது. ஒசாகாவில் ஒரு கம்பெனியில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வந்த இரண்டு பேரும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். தொபே என்கிற முப்பத்தைந்து வயது ஆள், இருபத்தொன்பது வயது மினே. ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை அவர் இவர்களை மலைக்கு இழுத்துக்கொண்டு போவாராம். மாட்டேன் என்று சொல்ல இருவருக்கும் வாய் வராது. அன்றைக்கு நாலு மணி அதிவேகப் படகில் அவர்கள் காகோஷிமா நகரத்துக்குத் திரும்ப வேண்டும்.

கமோஷிதா ஓடையைப் பார்த்தார். முழங்கால் அளவுதான், கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போய்விடலாம் என்றார். தொபே தண்ணீரைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். மினே முதுகுப்பையின் பட்டையை இறுக்கிக்கொண்டாள்.

சிஸுரு எழுந்து போய்ச் சந்தின் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பாறையிலும் அவருடைய தோள் முட்டியது.

"இந்தாம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. நாங்க போகணும்."

"போக முடியாது."

"உங்களால முடியலன்னா நீங்க இருங்க. எங்களுக்குப் படகு இருக்கு."

"நாளைக்கும் படகு இருக்கு."

நாற்பது வருஷமாக மலை ஏறுகிறேன், உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார் கமோஷிதா. மதகில் வேலை பார்த்ததைச் சிஸுரு சொன்னார். மதகு வேறு மலை வேறு என்றார் அவர். குரல் ஏறிக்கொண்டே போனது. வழியில் உட்கார்ந்துகொள்ள உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, எந்தக் கூட்டத்தோடு வந்தீர்கள், உங்கள் வழிகாட்டி எங்கே என்று அடுக்கினார். யாருமில்லை, தனியாக வந்தேன் என்றார் சிஸுரு. தனியாக வந்த பொம்பளை எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று கமோஷிதா தொபேயிடம் திரும்பிச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துச் சிஸுருவின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துளை வழியாகக் காற்று பிரிகிற சத்தம். அடக்க முடியாது, அதற்குத் தசை கிடையாது. மழைக்கு மேலும் நன்றாகக் கேட்டது. தொபே வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினான். கமோஷிதா முகத்தைச் சுளித்து ஒரு அடி பின்னால் போனார்.

வேறு நாளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன் என்று என்னிடம் சொன்னார் சிஸுரு. பஸ்ஸில் ஒருமுறை அப்படி நடந்து, மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்திருக்கிறார். இப்போது மட்டும் அவர் நகரவில்லை.

"அது என் குடல். வயித்துக்கு வெளிய எடுத்து வச்சிருக்காங்க. அது நெனச்சப்ப சத்தம் போடும். நீங்க கத்துறதவிட மெதுவாத்தான் போடுது" என்றார்.

சிஸுரு மினேயைக் கூப்பிட்டார்.

"நீ இங்க வாம்மா. கண்ண மூடிட்டுக் கேளு. தண்ணி சத்தத்துக்கு அடியில என்ன கேக்குது?"

மினே பாறையில் கை வைத்துக் குனிந்து கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரோ கதவத் தட்டுற மாதிரி" என்றாள்.

"அடியில கல்லு உருளுது. ஒன்னோட தலையளவு கல்லு. கால வச்சா முட்டிய ஒடைச்சிடும். அப்புறம் நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல."

மினே நிமிர்ந்தாள். "சார், நான் வரல" என்றாள். ஏழு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் மறுப்பு அதுதானாம். சொல்லிவிட்டுச் சிஸுருவுக்கு முன்னால் ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இனி அந்தச் சந்தில் பூனைகூட நுழைய முடியாது.

கமோஷிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கரையோரமாக மேலே ஏறினார். முப்பதடி தள்ளிப் புதர்களுக்கு நடுவே ஒரு இடைவெளி இருந்தது. தொபே பின்னாலேயே ஓடினான். வேண்டாம் சார் என்று அவன் சொன்னது இவர்களுக்குக் கேட்டது. அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

இரண்டாவது அடியிலேயே கால் வாரிவிட்டது. பக்கவாட்டில் விழுந்தார், தண்ணீர் அவரைப் புரட்டிக்கொண்டு வந்தது. நல்ல காலம், சந்துக்கு இருபதடி மேலே கரையிலிருந்து ஒரு தேவதாரு வேர் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். முதுகுப்பை கழன்று போய்விட்டது. அது சந்தைத் தாண்டிப் போகிற வேகத்தைச் சிஸுருவும் மினேயும் பார்த்தார்கள்.

மூவரும் அந்த வேருக்கு ஓடினார்கள். சிஸுருவுக்குக் கனம் தூக்கக் கூடாது. தூக்கினால் துளை வழியாகக் குடல் பிதுங்கிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் கையை நீட்டவில்லை. தொபேயைக் குப்புறப் படுக்கச் சொன்னார். மினேயின் முதுகுப்பைப் பட்டைகளைக் கழற்றி முடிந்து அவன் இடுப்பில் போட்டு மரத்தைச் சுற்றிக் கட்டவைத்தார். மினேயை வேர் மேல் கால் அகட்டி உட்கார வைத்தார். பிறகு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடை ஒரே வேகத்தில் ஓடாது. அலை அலையாக ஏறி இறங்கும். மதகை இறக்குகிறவர்கள் அந்த இறக்கத்துக்குத்தான் காத்திருப்பார்கள்.

தொபே அழுகிற குரலில், இழுக்கட்டுமா இழுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இரு. இப்ப இழுத்தா நீயும் போவ. இரு. இரு. இப்ப."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மினே கமோஷிதாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது, விடவில்லை. கமோஷிதா சேற்றில் வந்து விழுந்தார்.

அவருடைய வலது முழங்கால் வீங்கிவிட்டது. உடம்பு உதறியது, பேச்சுக் குழறியது. சிஸுரு அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தன் மாற்றுச் சட்டையைக் கொடுத்தார். வெளிர் ஊதா நிறம், கழுத்தில் சின்னப் பூ வேலை. அவர் தயங்கினார். "போடுங்க சார், இங்க உங்க கம்பெனி ஆளுங்க ரெண்டே பேருதான் இருக்காங்க" என்றார் சிஸுரு. போட்டுக்கொண்டார். சாய்ந்த பாறைக்கு அடியில் நாலு பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இரண்டு சோற்று உருண்டையை நாலாகப் பிட்டார்கள். சிஸுருவின் வயிறு நடுவில் இரண்டு தடவை சத்தம் போட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு, படகு கிளம்பியிருக்கும் என்று கமோஷிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழை விட்டதும் அப்போதுதான். ஐந்தரைக்கு ஐந்தாவது கல் தெரிந்தது. போகலாமா என்று தொபே கேட்டான். இன்னொரு கல் வரட்டும் என்றார் சிஸுரு. வந்தது. தாண்டினார்கள்.

கடைசி பஸ்ஸிலும் அவர் வரவில்லை என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு காட்டு வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே ஆள் அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன், நாலு பேர் வருகிறார்கள். நடுவில் ஊதாச் சட்டைக்காரர் தொபேயின் தோளில் தொங்கிக்கொண்டு நொண்டுகிறார். இன்னும் வெளிச்சம் இருந்தது.

வண்டிகள் நிற்கிற இடத்தில் கமோஷிதா சிஸுருவுக்கு முன்னால் நின்று, அந்தக் காலோடு இடுப்பு வளைய வணங்கினார். அவர் என்ன சொல்ல வந்தாரோ, சிஸுரு சொல்லவிடவில்லை.

"எனக்கு வேண்டாம். நான் உக்காந்துதான் இருந்தேன். உங்கள இழுத்தது அந்தப் பொண்ணோட கை. அவகிட்ட சொல்லுங்க."

கமோஷிதா மினேயின் பக்கம் திரும்பினார். அவளிடம் குனிய அவருக்கு நேரம் பிடித்தது. ஆனால் குனிந்தார். பிறகு தொபே வாடகைக் காரை ஓட்ட, மூவரும் முதலில் மருத்துவரிடம் போனார்கள். ராத்தங்கல் எங்கள் விடுதியில் என்று ஏற்பாடு.

சிஸுரு என் வண்டியில் ஏறியதும் பல் கிட்டிக்கொண்டது. விடுதிக் குளியல் தொட்டி ஆளுக்கொரு தடவை நிரப்புகிற சின்னத் தொட்டி, சூடாக நேரம் பிடிக்கும். எங்கள் ஊர்ப் பொது வெந்நீர் ஊற்று, பெண்கள் எல்லாரும் துணியில்லாமல் ஒரே தொட்டியில் இறங்குகிற இடம், வழியிலேயே இருக்கிறது. அங்கே போகலாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு அந்தப் பை நினைவு வந்தது. நான் தயங்கியதை அவர் கவனித்தார். "போலாம். ஒட்டி மூடியிருக்கு, ஒழுகாது" என்றார்.

பெண்கள் பக்கத்தில் மூன்று பேர் தண்ணீரில் இருந்தார்கள். தேராதா அக்கா, எங்கள் பக்கத்துத் தெரு. இன்னும் இரண்டு பேர் துறைமுகத்து மீன் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். சிஸுரு உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு எழுந்து திரும்பினார். உள்ளங்கையளவு பழுப்புப் பை, வயிற்றின் இடது பக்கம். எல்லாரும் பார்த்தார்கள்.

தேராதா அக்கா அவரிடம் பேசவில்லை. என்னிடம் பேசினாள். "ஏண்டி மிட்சுயோ, இதெல்லாம் இங்க கூட்டிட்டு வரலாமா? நாலு பேரு இறங்குற தண்ணி."

முந்தின நாள் சாயங்காலம் என் மனசுக்குள்ளும் ஏறக்குறைய அதே கேள்விதான் இருந்தது.

சிஸுரு தொட்டி விளிம்பில் நின்றார். "அவங்கள ஏன் கேக்குறீங்க, உடம்பு என்னோடது. என்கிட்டயே கேளுங்க. இதுல இருந்து ஒரு சொட்டு வெளிய வராது. டாக்டரே குளிக்கச் சொல்லியிருக்காரு. மத்தியானத்துலேர்ந்து நான் மழைல கெடந்திருக்கேன். எறங்கப் போறேன்."

இறங்கினார். அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக.

தேராதா அக்கா எழுந்து துண்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு அறைந்த சத்தம் கூரை வரை கேட்டது. இன்றுவரை என்னோடு அவள் சரியாகப் பேசுவதில்லை. மீன் கூடத்துப் பெண்களில் ஒருத்தி தண்ணீருக்குள்ளேயே தள்ளி உட்கார்ந்தாள். விலகுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, ஊற்று விழுகிற சூடான மூலையைச் சிஸுருவுக்கு விட்டுக் கொடுத்திருந்தாள். எங்கே நனைந்தீர்கள் என்று கேட்டாள். நானும் உடம்பைக் கழுவிக்கொண்டு அவர் பக்கத்தில் இறங்கினேன்.

எட்டு மணிக்கு, மூடுகிற நேரம் ஆகிவிட்டது என்று வாசலில் இருந்தவர் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் கொடுத்தார். சிஸுரு கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கல்லில் சாய்த்திருந்தார். உடம்பில் குளிர் முழுசாக விட்ட பிறகுதான் எழுந்தார்.